புறப்படாதவர்கள்

கோதுமை மாவுக்கு ஒரு வாசம் உண்டு. புது மாவைச் சொல்லவில்லை. சாக்கில் நாள்பட்டுக் கிடந்து, வண்டு விழுந்து, மலைக்குளிரில் ஈரம் ஏறிய மாவைச் சொல்கிறேன். சணல் வாசமும் பழைய மழையின் வாசமும் கலந்து மூக்கில் லேசாகக் கசக்கும். அதைச் சலித்துப் பிசைந்து தகரத்தில் போட்டால் முதலில் புகைதான் வரும், ரொட்டி வாசம் அதற்குப் பிறகுதான். என் சின்ன வயதை நினைத்தால் யாருடைய முகமும் எனக்கு முதலில் வருவதில்லை, அந்த மாவின் வாசம்தான் வருகிறது. இப்போது நான் வேலை பார்க்கும் துபாய் வீட்டில், வருஷத்தில் ஒரு மாதம் மாவு என்ற ஒன்று கண்ணிலேயே படக் கூடாது என்று மூலை முடுக்கெல்லாம் துடைத்துத் துடைத்துக் கைத்தோல் உரியும்போதும், அதே வாசம் எங்கிருந்தோ வந்து நிற்கிறது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு உள்ளே போய்விடும். அதனால்தான் கராமா கடைத்தெருவில் ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கி வந்து, வேலை முடிந்த மத்தியான நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது எஸ்தர் சேச்சி வீட்டில். அவர்கள் யூதர்கள். சேச்சி கொச்சியில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக இருந்தபோதே பெற்றோரோடு கப்பலேறி அவர்களுடைய நாட்டுக்குப் போய்விட்டாராம். ஆனாலும் மலையாளத்தை விடவில்லை. நானோ குவைத்தில், அப்பாசியாவில் நாலு மலையாளப் பெண்களோடு ஒரே ரூமில் இருபது வருஷம் கிடந்தவள். அதனால் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடும். அவர் பாதி மலையாளமும் பாதி எனக்காகத் தமிழுமாகப் பேசுவார். வீட்டில் அவரும் மகன் ரூபன் சாரும் மட்டும்தான். சேச்சிக்கு எழுபத்தைந்து இருக்கும். அறுபத்திரண்டு வயதில் என்னை "மோளே" என்று கூப்பிட இந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

எங்கள் பங்குனிக்குச் சற்று முன்பின்னாக அவர்களுக்கு ஒரு மாதம் வருகிறது. நிசான் என்று பெயர். முதல் தடவை கேட்டபோது, கார் பேர் மாதிரி இருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவர்களுடைய முன்னோர் எகிப்து ராஜாவிடம் அடிமைகளாக இருந்து, ஒரே இரவில் புறப்பட்டு வந்த மாதம் அது. பிசைந்த மாவு பொங்குவதற்குக்கூட நேரமில்லாமல் தட்டையாகச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். அதனால் அந்தப் பண்டிகை எட்டு நாளும் பொங்கிய ரொட்டி, பிஸ்கட், மாவு எதுவும் வீட்டில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. மூன்று வாரமாக நானும் சேச்சியும் அதைத்தான் செய்தோம். அலமாரியைக் கவிழ்த்து, சோபாவின் தையலைப் பல் குத்தும் குச்சியால் கிளறி, ரூபன் சாரின் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துப் போட்டு உதறினோம். முட்டி இரண்டும் வீங்கிவிட்டது. சேச்சியும் சும்மா இருக்கவில்லை, என்னோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே, "இத்தனையும் வெளிய இருக்கிற மாவு, மோளே. உள்ளே பொங்கி நிக்கிறத ஆரு துடைக்கிறது?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது முட்டி வலிதான் பெரிதாக இருந்தது.

பண்டிகைக்கு முதல் நாள் இருட்டியதும் ஒரு வழக்கம் உண்டு. பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குள் ஒளித்து வைத்து, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு தேடிக் கண்டெடுக்க வேண்டும். பறவை இறகு ஒன்றால் கூட்டி மரக்கரண்டியில் அள்ளுவார்கள். மறுநாள் காலையில் அதை எரித்துவிட வேண்டும். ஒளித்து வைப்பது சேச்சி, தேடுவது ரூபன் சார். இந்த வழக்கம் எனக்கு யாரும் சொல்லவில்லை. போன வருஷம் அந்த நேரத்தில் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அன்று சாயங்காலம் கடைசியாக ஒருமுறை கூட்டும்போது, சோபாவின் கால் பக்கம் டிஷ்யூவில் சுற்றி ஒரு ரொட்டித் துண்டு கிடந்தது. இத்தனை பாடுபட்டுத் துடைத்த பிறகும் இந்த மனுஷர் தின்றுவிட்டு இப்படிப் போட்டிருக்கிறாரே என்று மனதுக்குள் ரூபன் சாரைத் திட்டிக்கொண்டே, குப்பைப் பையில் போட்டுக் கட்டி, கட்டடத்துக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

இருட்டில் அவர் தேடத் தொடங்கினார். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணியது சமையலறை வரை கேட்டது. அதற்கு மேல் எண்ணிக்கை நகரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான்தானே வெச்சேன், எனக்கே மறந்துபோச்சே!" என்று சேச்சி புலம்பினார். "செருப்புப் பெட்டியிலயா? இல்ல, கட்டிலுக்கு அடியிலயா?"

ரூபன் சார் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, நல்ல உடம்பு. இடுப்பு இடிக்கும் சத்தம் கேட்டது. நான் சிங்க் முன்னால் நின்று, பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, "நான்தான் எடுத்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை. அரை மணி நேரம் கழித்து மெழுகுவர்த்தியோடு சேச்சியே உள்ளே வந்து, அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மோளே, நீ எடுத்தியோ?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தியே அணைந்துவிட்டது. "அவன் தவழ்ந்து நாப்பது வருஷம் ஆச்சு, இன்னைக்குத் திரும்பத் தவழ விட்டுட்டியே! சொல்ல வேண்டியதுதானே, பெண்ணே?" என்றார். ரூபன் சாரும் முட்டியைத் தட்டிக்கொண்டு வந்து சிரித்தார். அப்புறம் இருவரும் ஒரு சின்ன ஜெபம் சொன்னார்கள். கண்ணில் பட்டதும் படாததும், எடுத்ததும் எடுக்காமல் விட்டதும், எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போகட்டும், இனி அது எனக்குச் சொந்தமில்லை என்பதுதான் அதன் அர்த்தமாம். கிடைக்காத துண்டு அதோடு முடிந்தது, கவலைப்படாதே என்றார் சேச்சி.

அவர்களுக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயடைத்து நிற்பது எனக்கு அன்று புதிதல்ல. பத்து வயதில் ஒரு காலையில் அப்படி நின்றிருக்கிறேன். அந்தக் காலையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் "லயத்தில்". ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றையும் "காம்பரா" என்போம். ஒரு காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், நான். முன்னால் "இஸ்தோப்பு" என்று மூன்று முழம் இடம், அங்கேதான் அடுப்பு. எங்கள் நேரம் எங்கள் கையில் இருந்ததில்லை. விடிவதற்கு முன்னால் "தப்பு" அடிப்பார்கள், அந்தப் பறைச் சத்தத்துக்கு எழும்ப வேண்டும். இரண்டாவது தப்புக்குக் கூடையோடு "பெரட்டுக்களத்தில்" நிற்க வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து, எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவார். மழையோ காய்ச்சலோ, தப்புக்குத் தெரியாது. விடுதலை கிடைத்த ஜனங்களுக்குக் கடவுள் முதன்முதலில் கொடுத்த கட்டளையே மாதத்தை எண்ணச் சொன்னதுதான் என்று எஸ்தர் சேச்சி ஒருநாள் சொன்னார். அடிமைக்கு நாள் கிழமை சொந்தமில்லை, சொந்தமாக ஒரு மாதம் கிடைத்தால்தான் அவன் மனுஷனாம். அதைக் கேட்டபோது எனக்கு அந்தத் தப்புச் சத்தம் காதில் விழுந்தது.

அது பஞ்ச காலம். அரிசியைக் கண்ணால் காண முடியாது. கூப்பனுக்குக் கொடுத்த அந்த வண்டு மாவுதான், அதுவும் பாதி வாரத்துக்குப் போதாது. அம்மா ரொட்டியைத் தட்டும்போது, அடுப்பு வெளிச்சம் அதன் வழியாகத் தெரியும். அவ்வளவு மெல்லிசு. மரவள்ளித் தோலைக்கூட அவித்துத் தின்றோம். பக்கத்து லயத்தில் இரண்டு கிழவர்கள் அந்த வருஷம் பசியில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில்தான், வடக்கே வன்னிப் பக்கம் போயிருந்த பெரியப்பா சொல்லி அனுப்பினார்: இங்கே காட்டை வெட்டினால் நிலம் நமக்குத்தான், குடும்பத்தோடு கிளம்பி வா.

அப்பாவுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. "நம்ம கையால ஒரு மரவள்ளி நட்டா, அது நம்ம மரவள்ளி. தொரையும் கேக்க முடியாது, கங்காணியும் கேக்க முடியாது" என்பார். பதினாலு வயது அண்ணன் இப்போதே காட்டை வெட்டிவிட்டவன் போலக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு திரிந்தான். அம்மா மாவைச் சலித்துக்கொண்டிருப்பாள். சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவுமில்லை.

பங்குனி பிறந்தது. மலையில் கொழுந்து பொங்கி வரும் மாதம் அது. ஒரு நாள்கூட ஆளை விட மாட்டார்கள். போகிறோம் என்று சொன்னால் கங்காணி வந்து உட்கார்ந்து பேசியே கலைத்துவிடுவான். அதனால் சொல்லாமல்தான் போவார்கள். கீழ் ரோட்டில் விடிவதற்கு முன்னால் ஒரு லொறி வரும், மூன்று குடும்பம் ஏற்கெனவே ஏறியிருக்கும், எங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று ஏற்பாடு. அப்பா என் காதைப் பிடித்துத் திருகி, "இந்தா பாரு, யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. லொறிங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது" என்று சொல்லி வைத்தார். சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. என் வாயிலிருந்து எந்த வார்த்தைதான் வந்தது?

அன்று காலை அம்மா இருந்த மாவு முழுவதையும் பிசைந்து ரொட்டி சுட ஆரம்பித்தாள், வழிக்கு. "நீங்க மூட்டைய எடுத்துக்கிட்டு முன்னுக்கு போங்க. இது முடியவும் வந்துர்றேன்" என்றாள். அப்பாவும் அண்ணனும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள். சட்டி பானைச் சாக்கை என் தலையில் வைத்தார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் சறுக்கி இறங்கினோம். லொறி வந்து நின்றிருந்தது. மேலே ஆட்கள் போர்வையோடு குறுகி உட்கார்ந்திருந்தார்கள், ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

"எல்லாம் வந்தாச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

"பொம்பள வந்துக்கிட்டிருக்கா."

"வெளிச்சம் வந்தா தொரையோட ஜீப்பு வரும். கால் மணி நேரம் பார்ப்பேன், அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

முதல் தப்பு கேட்டது. அம்மா வரவில்லை. இரண்டாவது தப்பும் கேட்டது. அப்பா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "ஓடு புள்ள. வெரசா ஓடிப்போய் அவள இழுத்துக்கிட்டு வா."

ஓடினேன். காம்பராக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கங்கு மிச்சம் இருந்தது. ரொட்டிகள் துணியில் கட்டி அடுப்புத் திண்டில் தயாராக இருந்தன. அம்மா இல்லை. சுவரைப் பார்த்தேன். ஆணியில் கொழுந்துக் கூடை இல்லை.

அப்போதே தெரிந்துவிட்டது. பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். அங்கே பனிக்குள் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே அம்மாதான். கணக்கப்பிள்ளை லாந்தர் வெளிச்சத்தில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"லெச்சுமி!"

"இருக்கேங்க!"

அது அம்மாவின் குரல். அவ்வளவு கணீரென்று அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அப்பாவுக்கு "ஏய்", எங்களுக்கு "அம்மா". அவளுக்கு லெச்சுமி என்று பெயர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் பெரட்டுக்களத்தில் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானில் நின்றேன். அம்மா என்று ஒரு கத்தல் கத்தியிருந்தால் போதும். ஆனால் கத்தினால், என்ன என்று கேட்பார்கள். கேட்டால் லொறி என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது. அதற்குள் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னாடி? பிள்ளைக்காம்பராவுக்கு வழி தப்பிட்டியா?"

கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. எனக்குப் பத்து வயது. பெண்கள் சிரித்தார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் திரும்பினாள். அந்தப் பனியில் அவளுக்கு நான் தெரிந்தேனா, இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியாது.

"கேக்கிறேன்ல, என்னா வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

வரிசை நகர்ந்தது. கூடைகள் ஒன்றன் பின் ஒன்றாக மலையேறிப் பனிக்குள் போய் மறைந்தன.

ரொட்டிக் கட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். லொறியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அப்பா ரோட்டு நடுவில் நின்று என் பின்னால் பார்த்தார். "எங்கடி அம்மா?"

நான் கூப்பிடவே இல்லை என்று சொன்னால் அடி விழும். அதை மட்டும்தான் நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"வரமாட்டேன்னாங்க."

என் வாழ்நாளில் யோசிக்காமல், திக்காமல் வந்த வார்த்தை அது ஒன்றுதான். அப்பா திரும்ப ஒருமுறை கேட்கவில்லை. அவர் முகம் அப்படியே விழுந்துபோனது. பெரியவனாவது போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் கையில் ரொட்டிக் கட்டைத் தூக்கிக் கொடுத்து, "பெரியப்பாகிட்ட இரு, நாங்க பின்னால வாறோம்" என்றார். லொறி போய்விட்டது. அண்ணன் அழுதது வளைவு திரும்பும் வரை கேட்டது. அப்பா பாலத்துச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். அப்பா இஸ்தோப்பில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். அம்மா கூடையை இறக்கிவிட்டு, "பெரியவன்?" என்று கேட்டாள். "போயிட்டான்" என்றார். அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது. ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கவில்லை. பதில்தான் அவரிடம் ஏற்கெனவே இருந்ததே, நான் கொடுத்தது. ஏன் எனக்காக நிற்கவில்லை, யாரும் என்னைத் தேடி வரவில்லையா என்று அம்மாவும் கேட்கவில்லை. அன்று அடுப்பு எரிந்தது, மேலே வைக்க ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கும் "பீலிக்கரையில்" பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா மெல்லக் கேட்டாள், "ஏன்டி லெச்சுமி, கெளம்புன ஆளு எதுக்குடி பெரட்டுக்கு வந்த?" அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள். "தப்பு கேட்டுச்சு. காலு தன்னால போயிருச்சு." மாரியாயி அக்காவும் சிரித்தாள். அப்புறம் லயம் முழுக்க அது ஒரு கேலியாகிவிட்டது. "பாத்து நில்லுங்கடி, லெச்சுமி காலு தன்னால வருது" என்பார்கள். அம்மாவும் கூடவே சிரிப்பாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கால் தானாகப் போயிருந்தால், ஒரு குரல் கொடுத்திருந்தால் அது திரும்பி வந்திருக்கும். அந்தக் குரலைக் கொடுக்க ஓடியவள் நான்.

அடுத்த வருஷம் பெரியவனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா போனார். வரவில்லை. வரமாட்டேன் என்று சொன்ன பெண்டாட்டியைத் தேடி எந்த ஆம்பிளை திரும்பி வருவான்? அங்கேயே காடு வெட்டினார், நட்டார். பிறகு சண்டை வந்தது, ஓடினார்கள், திரும்பினார்கள், திரும்பவும் ஓடினார்கள். கடைசியில் இருவரும் அந்த மண்ணிலேயே போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் அதே மலையில் கொழுந்து எடுத்தாள். நானும் எடுத்தேன், அப்புறம் குவைத், அப்புறம் இங்கே. அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. அவள் செத்த செய்தி வந்தபோது அப்பாசியாவில் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்ரூமைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை நாளுக்கு வருகிறேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எஸ்தர் சேச்சி என்னையும் மேசையில் உட்காரச் சொன்னார். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

"இன்னைக்கு ஆரும் நிக்கக் கூடாது. அடிமைதான் நிப்பான். ராஜா மாதிரி சாஞ்சு இருக்கணும், அதுதான் சட்டம். இருன்னா இரு" என்று அதட்டி, ஒரு தலையணையும் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். ஆனால் சாயத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நின்றும் குனிந்தும் பழகிய முதுகு, தலையணைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. அவர்களுடைய தட்டை ரொட்டியை உடைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லை, பொங்கவில்லை, கடித்தால் எங்கள் பஞ்சத்து ரொட்டி போலவே பல்லில் மடமடத்தது. கசப்புக் கீரை, உப்புத் தண்ணீர் எல்லாம் இருந்தது. இருப்பவர்களில் இளையவர்தான் கேள்வி கேட்க வேண்டுமாம், இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி என்று. ரூபன் சார் அலுத்துக்கொண்டே சின்னப் பையனைப் போலப் பாடிக் கேட்டார். நாலு வகைப் பிள்ளைகள் உண்டு என்று சேச்சி எனக்கு மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்: ஒருவன் புத்திசாலி, ஒருவன் எதிர்த்துப் பேசுகிறவன், ஒருவன் வெகுளி.

"என்னைப் பார்க்காதீங்க அம்மா, நான் ரெண்டாவது ஆள், எல்லாருக்கும் தெரியும்" என்றார் ரூபன் சார்.

"நாலாவது பிள்ளைக்குக் கேக்கவே தெரியாது" என்றார் சேச்சி. "அதுக்கு நாமே வாயைத் திறந்து சொல்லிக் கொடுக்கணும்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னார், இந்த ராத்திரியில் ஒவ்வொருவரும் தானே அன்று புறப்பட்டு வந்ததாக நினைக்க வேண்டும், யாரோ முன்னோர் வந்தார்கள் என்று அல்ல. நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு முயன்றாலும் என் நினைப்பில் லொறி போய்க்கொண்டிருந்தது, நான் ரோட்டில் நின்றேன். அப்போது சேச்சி போகிற போக்கில் ஒன்று சொன்னார். "எல்லாரும் புறப்படல. முக்கால்வாசிக்கு மேல அங்கேயே நின்னுட்டாங்கன்னு எங்க அப்பா சொல்லுவார்."

என் வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"புறப்படாதவங்க என்ன ஆனாங்க, சேச்சி?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"கடவுள் எகிப்து மேல மூணு நாள் இருட்டை அனுப்பினார்ல, அந்த இருட்டுல செத்துட்டாங்கன்னு சொல்றது உண்டு" என்றார்.

"அதெல்லாம் பயமுறுத்துற கதை" என்றார் ரூபன் சார்.

சேச்சி மேசையில் சிந்திய துணுக்குகளை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "உள்ளது ஆருக்குத் தெரியும்? மறுநாள் காலையில எழுந்திரிச்சு வேலைக்குப் போயிருப்பாங்க. நம்ம ஆளுங்க அவங்கள திரும்பிப் பார்க்கல, எழுதியும் வைக்கல."

அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். எங்கள் லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறதாம். பெரட்டுக்களத்தில் புல் மண்டி, நடுவில் யாரோ மாட்டைக் கட்டுகிறார்களாம். தப்பு அடிப்பதில்லை. பெயர் வாசிப்பதும் இல்லையாம். மாரியாயி அக்கா போய்விட்டாள், கணக்கப்பிள்ளை போய்விட்டார். அம்மாவைத் தேயிலைக்கு நடுவில்தான் புதைத்தார்கள். மேலே செடி நட்டிருப்பார்கள், இடம் தெரியாது. அந்தக் காலையைக் கண்ணால் கண்டவர்களில் நான் மட்டும் மிச்சம். எனக்கும் அலுத்துவிட்டது, இந்த வருஷத்தோடு விசாவைக் கான்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். போய் யாரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

ஐம்பத்திரண்டு வருஷமாக, நான் மட்டும் கூப்பிட்டிருந்தால் அம்மா வந்திருப்பாள் என்றே அழுதிருக்கிறேன். இப்போது அதுவும் நிச்சயமாக இல்லை. ரொட்டி எல்லாவற்றையும் சுட்டு, துணியில் கட்டி, எடுக்க வசதியாகத் திண்டில் வைத்துவிட்டுப் போனவளின் கால், தானாகத்தான் போனதா? மலைக்கு மேலே அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதைத் தினம் ஒருமுறை யாரோ கூப்பிட்டார்கள். கீழே லொறியில் மூட்டைகளோடு அவளுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தோம். வரமாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். ஆனால் வருகிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.